அளவுகோல் மாறிய வரலாறு: மூளைக்குப் பரவிய புற்றுநோயும் கதிர் அறுவையும் (1951–2017)

ஆய்வுச் சுருக்கம்

உடலின் வேறு உறுப்புகளில் தோன்றி மூளைக்குப் பரவும் புற்றுநோய்க்கு முழுமூளைக் கதிர்வீச்சே நெடுங்காலம் பொது மருத்துவமாக இருந்தது. கட்டியை மட்டும் குறிவைக்கும் கதிர் அறுவை அவ்விடத்தைப் பெற்ற வரலாற்றை இக்கட்டுரை ஆராய்கிறது. கருவியின் துல்லியம் கூடியது மட்டுமே இம்மாற்றத்திற்குக் காரணமன்று. நோயாளியின் நினைவாற்றலையும் மருத்துவப் பயனின் அளவாக ஆய்வுலகம் ஏற்ற பின்னரே அது நிலைபெற்றது என்பது இக்கட்டுரையின் வாதம்.

திறவுச்சொற்கள்: மூளைப் புற்றுப்பரவல், கதிர் அறுவை, காமா கத்தி, முழுமூளைக் கதிர்வீச்சு, நினைவாற்றல், மருத்துவ வரலாறு.

முன்னுரை

நுரையீரல், மார்பகம், சிறுநீரகம் முதலிய உறுப்புகளில் தோன்றும் புற்றணுக்களும், தோலில் தோன்றும் மெலனோமா எனும் கருநிறமிப் புற்றின் அணுக்களும் குருதியோட்டத்தின் வழியே மூளையை அடைந்து, அங்குப் புதிய கட்டிகளாக வளர்வதுண்டு. இவற்றைப் பரவற்கட்டிகள் என இக்கட்டுரை குறிக்கிறது. மூளையிலேயே தோன்றும் கட்டிகளினும் இவை மிகுதியாகக் காணப்படுவன. கட்டி ஒவ்வொன்றையும் தனித்தனியே குறிவைத்து, சுற்றியுள்ள மூளைக்கு இயன்றவரை ஊறு நேராமல், ஒரே அமர்வில் மிகுந்த அளவு கதிர்வீச்சைச் செலுத்தும் முறை ஸ்டீரியோடாக்டிக் கதிர் அறுவை எனப்படும். இன்று சில கட்டிகளே உடைய நோயாளிக்கு உலகெங்கும் முதலில் எண்ணப்படும் மருத்துவங்களுள் இதுவும் ஒன்று.

இம்முறைக்கான முதற்கருவி 1968 வாக்கில் ஸ்டாக்ஹோமில் இயங்கத் தொடங்கிவிட்டது. ஆயினும், பரவற்கட்டிகளுக்குக் கதிர் அறுவை மட்டுமே போதும், முழுமூளைக் கதிர்வீச்சை உடன் சேர்க்க வேண்டியதில்லை என்ற கருத்து வலுப்பெற்றது 2006-க்கும் 2016-க்கும் இடைப்பட்ட பத்தாண்டுகளில்தான். கருவி பிறந்தமைக்கும் அதன் இடம் உறுதியானமைக்கும் இடையே ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் கழிந்தன. இந்த இடைவெளியே இங்கு ஆராயப்படுகிறது.

முழுமூளைக் கதிர்வீச்சின் செல்வாக்கு

1954-இல் சாவோ, பிலிப்ஸ், நிக்சன் ஆகிய மூவர் நியூயார்க்கின் மெமோரியல் மருத்துவமனையில் மூளைப் பரவல் கொண்ட நோயாளிகளுக்குத் தலை முழுவதும் எக்ஸ் கதிர் செலுத்திய பட்டறிவை வெளியிட்டனர். தலைவலி, வாந்தி, கைகால் தளர்ச்சி ஆகியவற்றால் துன்புற்றோருள் பெரும்பாலோர் சில காலமேனும் தேறினர். அதற்கு முன் இந்நோயாளிகளுக்குச் செய்யத்தக்கது ஏதுமில்லை என்றே கருதப்பட்டமையால், அக்கட்டுரை ஒரு வாயிலைத் திறந்தது எனலாம்.

முழுமூளையையும் கதிருக்கு உட்படுத்தியதற்கு இரு காரணங்கள் இருந்தன. முதலாவது, கட்டிகள் எங்குள்ளன, எத்தனை உள்ளன என்பதை அறிய வழியில்லாமை. எக்ஸ் கதிர்ப் படத்தில் மூளைத்திசு தென்படாது; குருதிநாளங்களில் நிறமிட்டோ, மூளையறைகளுள் காற்றைச் செலுத்தியோ எடுத்த படங்களைக் கொண்டு கட்டியின் இருப்பை ஊகிக்கவே இயன்றது. இரண்டாவது, கண்ணுக்குத் தெரியும் கட்டி ஒன்றாயினும் தெரியாத விதைகள் பல இருக்கக்கூடும் என்ற நியாயமான அச்சம். 1970-களில் அமெரிக்கக் கதிர்மருத்துவக் கூட்டாய்வுக் குழு பல்வேறு அளவுகளை ஒப்பிட்டு நோக்கியது. எந்த அளவைக் கொடுத்தாலும் நோயாளிகளுள் பாதிப்பேர் நான்கு மாதங்களைத் தாண்டுவதில்லை என்பதே கண்ட முடிவு. பத்துத் தவணைகளில் 30 கிரே என்ற அளவு நாளடைவில் வழக்காயிற்று.

இந்த நான்கு மாதம் என்னும் எண்ணை மறவாதிருத்தல் வேண்டும். கதிர்வீச்சால் மூளைக்கு நேரும் காலந்தாழ்ந்த ஊறு பெரும்பாலும் ஆறு மாதங்களுக்குப் பின்னரே வெளிப்படும். நான்கு மாதத்தில் இறப்போரிடம் அதைத் தேடுவார் யாருமில்லை, தேடினாலும் காண்பதற்கில்லை.

லெக்செல்லின் எண்ணம்

சுவீடனின் நரம்பறுவை மருத்துவர் லார்ஸ் லெக்செல் கதிர் அறுவையைப் புற்றுநோய்க்காகக் கருதவில்லை. 1947-இல் ஸ்பீகல், வைசிஸ் ஆகிய இருவரும் பிலடெல்பியாவில் மனிதத் தலையில் பொருத்தும் இடங்குறிச் சட்டத்தை உருவாக்கினர். லெக்செல் 1949-இல் தம் சட்டத்தை வெளியிட்டார். அரைவட்ட வில் ஒன்றின் மையமே இலக்காக அமையும்படி செய்தது அதன் நுட்பம். வில்லின் எப்புள்ளியிலிருந்து ஊசியைச் செலுத்தினும் அது மையத்தையே சென்றடையும். ஊசிக்குப் பதிலாகக் கதிரைச் செலுத்தினால் மண்டையோட்டைத் திறக்கவே வேண்டியதில்லை என்ற எண்ணம் அந்த வடிவியலிலேயே உறைந்திருந்தது. 1951-இல் அவர் எழுதிய கட்டுரையில்தான் கதிர் அறுவை என்னும் சொல் பிறந்தது.

முகநரம்பு வலி, நடுக்கம், தாளாத வலி ஆகியவற்றுக்கு மூளையின் ஆழத்தில் ஒரு சிறு புள்ளியை அழிப்பதே அவருடைய நோக்கம். முதலில் எக்ஸ் கதிர்க் குழாயைச் சட்டத்தில் பொருத்திப் பார்த்தார். பின்னர் உப்சாலாவின் இயற்பியலாளர் போரியே லார்சனுடன் இணைந்து புரோட்டான் கற்றைகளை ஆராய்ந்தார். இவ்வாய்வு 1958-இல் நேச்சர் இதழில் வெளிவந்தது. புரோட்டானுக்குப் பெரிய முடுக்கி வேண்டும். அது மருத்துவமனையின் அன்றாடப் பணிக்கு ஒத்துவராது. எனவே கோபால்ட்டு-60 தேர்ந்தெடுக்கப்பட்டது. ஸ்டாக்ஹோமின் சோபியாஹெமெட் மருத்துவமனையில் நிறுவப்பட்ட முதற்கருவியில் 179 கோபால்ட்டு மூலங்கள் அரைக்கோள வடிவில் அடுக்கப்பட்டிருந்தன. ஒவ்வொரு கற்றையும் தான் கடந்துசெல்லும் திசுவுக்கு ஊறு செய்யாத அளவு மெலிந்தது. அனைத்தும் சந்திக்கும் இடத்தில் மட்டும் அழிவு நேரும். பிற்காலக் கருவிகளில் மூலங்களின் எண்ணிக்கை 201 ஆயிற்று.

கதிர்மருத்துவத்தின் மரபோடு இது முரண்பட்டது என்பதைக் கருத்திற்கொள்ள வேண்டும். 1920-களில் பாரிசில் ரெகோ, கூத்தார் முதலியோர் வகுத்த நெறி, மொத்த அளவைப் பல நாட்களுக்குப் பகிர்ந்து கொடுப்பது. நலமான அணுக்கள் இடைவேளையில் தம்மைச் சரிசெய்துகொள்ளும், புற்றணுக்களால் அது அவ்வளவாக இயலாது என்பது அதன் அடிப்படை. லெக்செல்லோ ஒரே வேளையில் முழு அளவையும் கொடுத்தார். கதிர்மருத்துவர் காலத்தைக் கொண்டு காத்த நலத்திசுவை அவர் வடிவியலைக் கொண்டு காத்தார். தம் முறைக்கு அறுவை என்று பெயரிட்டதும் தற்செயலன்று. வெட்டும் முனையே இல்லாத இக்கருவிக்குக் காமா கத்தி என்னும் வணிகப்பெயர் நிலைத்தது. தமிழிலும் அச்சொல்லே வழங்குகிறது. பெயர் அறுவை மருத்துவருக்குச் சொந்தமாயிருக்க, கதிர் கதிர்மருத்துவருக்குச் சொந்தமாயிருந்தமையால், இரு துறையினருக்குமிடையே இம்முறை யாருடையது என்னும் வழக்கு நெடுநாள் நீடித்தது.

படிமத்திற்காகக் காத்திருந்த கருவி

குறிவைக்கும் கருவி இருந்தும் குறி தெரியவில்லை. குருதிநாளப் படத்தில் தெளிவாகத் தென்படும் நாளப்பின்னல் கோளாறுகளுக்கு 1970-களிலேயே கதிர் அறுவை பயன்பட்டது. பரவற்கட்டி அப்படித் தென்படுவதன்று. 1971-இல் இலண்டனின் அட்கின்சன் மார்லி மருத்துவமனையில் ஹவுன்ஸ்பீல்டின் சி.டி. கருவி முதல் நோயாளியின் மூளையைக் குறுக்குவெட்டாகக் காட்டியது. 1980-களில் காந்த ஒத்திசைவுப் படிமமும், அதன் இறுதியில் கடோலினியம் என்னும் நிறமூட்டியும் வந்தன. சில மில்லிமீட்டர் அளவுள்ள கட்டியும் வெண்புள்ளியாகப் புலப்பட்டது.

பரவற்கட்டி கதிர் அறுவைக்கெனவே அமைந்தது போன்றது என்பது அப்போதுதான் தெரியவந்தது. அது பெரும்பாலும் உருண்டையானது. மூளையின் மூலக்கட்டிகளைப் போல் விரல்விட்டுப் பரவாமல், சுற்றியுள்ள திசுவைத் தள்ளிக்கொண்டு தெளிவான எல்லையோடு வளர்வது. 1987-இல் ஹைடல்பர்க்கின் ஸ்டுர்ம் குழுவினர் நேரியல் முடுக்கியைக் கொண்டு பரவற்கட்டிகளுக்கு ஒற்றை அமர்வில் கதிர் செலுத்தியதை வெளியிட்டனர். 1989-இல் ஸ்டாக்ஹோமின் லிண்ட்குவிஸ்ட், சிறுநீரகப் புற்றின் பரவற்கட்டி ஒன்றைக் காமா கத்தியால் கட்டுப்படுத்தியதை எழுதினார். சிறுநீரகப் புற்றும் கருநிறமிப் புற்றும் கதிருக்கு இணங்காதவை எனத் தவணைமுறையில் பெயர் பெற்றவை. ஒரே வேளையில் கொடுத்த பேரளவுக்கு அவையும் பணிந்தன. 1990-இல் பாஸ்டனின் லெப்லர் குழுவினர், முழுமூளைக் கதிர்வீச்சுக்குப் பின் மீண்டும் வளர்ந்த கட்டிகளுக்கு இம்முறையைப் பயன்படுத்தியதை அறிவித்தனர். மாற்று வழியாக அன்று, வேறு வழியற்ற நிலையில் எடுக்கும் மருந்தாகவே கதிர் அறுவை இத்துறைக்குள் நுழைந்தது.

ஒற்றைக் கட்டியும் ஓர் ஆய்வும்

முழுமூளைக் கதிர்வீச்சு மட்டும் போதாது என்பதை முதலில் நிறுவியது கதிர் அறுவையன்று, வழக்கமான அறுவையே. கென்டக்கிப் பல்கலைக்கழகத்தின் பேட்செல், ஒற்றைப் பரவற்கட்டி உடைய 48 பேரைச் சமவாய்ப்பு முறையில் இரு குழுக்களாகப் பிரித்தார். ஒரு குழுவினருக்குக் கட்டியை அகற்றிய பின் முழுமூளைக் கதிர்வீச்சு. மற்றக் குழுவினருக்குக் கதிர்வீச்சு மட்டும். 1990-இல் வெளியான முடிவின்படி வாழ்நாளின் இடைநிலை அளவு முறையே 40 வாரமும் 15 வாரமும் ஆகும். தொடக்கத்தில் சேர்க்கப்பட்ட 54 பேருள் 6 பேருக்கு இருந்தது பரவற்கட்டியே அன்று என்பது திசுச் சோதனையில் வெளிப்பட்டமை அவ்வாய்வின் மற்றொரு பாடம். படிமம் காட்டும் வெண்புள்ளி எல்லாம் புற்று அன்று என்பதைக் கத்தியே வைக்காத ஒரு முறை எவ்வாறு அறியும் என்ற வினா இன்றும் ஓரளவு நிற்கிறது.

அறுவையால் ஆவது கதிர் அறுவையாலும் ஆகுமா என்பதே அடுத்த வினா. 333 நோயாளிகளைக் கொண்ட அமெரிக்கக் கூட்டாய்வின் முடிவு 2004-இல் லான்செட் இதழில் வெளிவந்தது. ஒன்று முதல் மூன்று கட்டிகள் வரை உடையோருக்கு முழுமூளைக் கதிர்வீச்சோடு கதிர் அறுவையைச் சேர்த்தபோது, ஒற்றைக் கட்டி உடையோரின் வாழ்நாள் இடைநிலை 4.9 மாதத்திலிருந்து 6.5 மாதமாயிற்று, பல கட்டிகள் உடையோரின் வாழ்நாள் கூடவில்லை. இந்நிலை வரையிலும் முழுமூளைக் கதிர்வீச்சு அடித்தளமாகவும், கதிர் அறுவை அதன்மேல் வைக்கும் கூடுதலாகவுமே கருதப்பட்டன. அளந்தவை வாழ்நாளும் கட்டியின் மறுவளர்ச்சியும் மட்டுமே.

பன்னிரண்டு சொற்கள்

இதற்கிடையில் வேறொரு சான்று சேர்ந்துகொண்டிருந்தது. 1989-இல் டிஏஞ்சலிஸ், டெலாத்ர், போஸ்னர் ஆகியோர் முழுமூளைக் கதிர்வீச்சுக்குப் பின் அறிவு மழுங்கிய 12 நோயாளிகளைப் பற்றி எழுதினர். இவர்களுக்குப் புற்று மீளவில்லை. மருத்துவம் வென்றவர்கள் இவர்கள். ஆயினும் நினைவிழந்து, நடை தடுமாறி, சிறுநீரை அடக்க இயலாத நிலையை அடைந்தனர். தவணை ஒவ்வொன்றிலும் பேரளவு கதிர் பெற்றவர்கள் என்பது காரணங்களுள் ஒன்று. 1954-இல் முழுமூளைக் கதிர்வீச்சின் பயனை அறிவித்த அதே நியூயார்க் நிறுவனத்திலிருந்தே 35 ஆண்டுகளுக்குப் பின் இவ்வறிக்கையும் வந்தது. அங்கிருந்தோர் கவனக்குறைவாக இருந்தனர் என்று கொள்வது பிழை. நோயாளிகள் போதிய காலம் வாழத் தொடங்கியமையால் ஊறு கண்ணுக்குத் தெரிந்தது.

எனினும் இவ்வூற்றை எதைக்கொண்டு அளப்பது? இவ்வரலாற்றின் மையச் சிக்கல் இதுவே. ஜப்பானில் ஆயோயாமா தலைமையில் நடந்து 2006-இல் வெளியான ஆய்வில், ஒன்று முதல் நான்கு கட்டிகள் வரை உடைய 132 பேர் பங்கேற்றனர். கதிர் அறுவை மட்டும் பெற்றவர்களின் வாழ்நாள் இடைநிலை 8.0 மாதம், முழுமூளைக் கதிர்வீச்சும் சேர்த்துப் பெற்றவர்களுக்கு 7.5 மாதம். வேறுபாடு இல்லை எனலாம். ஆனால் ஓராண்டுக்குள் மூளையில் நோய் மீண்டோர் முதற்குழுவில் 76.4 விழுக்காடு, இரண்டாம் குழுவில் 46.8 விழுக்காடு. இம்முடிவை இரு தரப்பினரும் தத்தமக்குச் சான்றாகக் கொண்டனர். மீளும் நோயே அறிவாற்றலைக் கெடுக்கும் முதற்காரணம், ஆதலின் முழுமூளைக் கதிர்வீச்சே நினைவைக் காக்கிறது என்றனர் ஒரு சாரார். இவ்வாதம் எளிதில் தள்ளத்தக்கதன்று. அதே ஆய்வின் பின்தொடர்ச்சியில், முப்பது மதிப்பெண் கொண்ட சிறு மனநிலைத் தேர்வில் மூன்று மதிப்பெண் சரியும் வரையிலான காலம் முழுமூளைக் கதிர்வீச்சுப் பெற்றோருக்கு 16.5 மாதமாகவும், பெறாதோருக்கு 7.6 மாதமாகவும் இருந்தது. ஆனால் மூன்றாண்டு முடிவில் நிலை தலைகீழாயிற்று: சரிவின்றி இருந்தோர் முறையே 14.7 விழுக்காடும் 51.9 விழுக்காடும் எனக் கணிக்கப்பட்டது. அத்துணைக் காலம் வாழ்ந்தோர் மிகச் சிலரே என்பதால் இவ்வெண்ணை எச்சரிக்கையோடு கொள்ள வேண்டும். போக்கு மட்டும் ஐயத்திற்கிடமில்லாதது.

சிறு மனநிலைத் தேர்வு 1975-இல் மறதிநோயைக் கண்டறிய வகுக்கப்பட்டது. இன்று என்ன நாள், இது எந்த ஊர் என்பன போன்ற வினாக்களைக் கொண்டது. நாளையும் ஊரையும் சரியாகச் சொல்பவர், காலையில் மகள் சொன்ன செய்தியை மாலையில் மறந்துவிடலாம். தேர்வு அதைக் காட்டாது. ஹூஸ்டனின் எம்.டி. ஆண்டர்சன் மையத்தைச் சேர்ந்த சாங் வேறோர் அளவுகோலை எடுத்தார். ஹாப்கின்ஸ் சொற்கற்றல் தேர்வில் பன்னிரண்டு சொற்கள் படித்துக் காட்டப்படும். நோயாளி நினைவிலிருந்து திருப்பிச் சொல்ல வேண்டும். மும்முறை இவ்வாறு செய்து, ஏறத்தாழ இருபது நிமிடம் கழித்து மீண்டும் கேட்பர். 2009-இல் வெளியான இவ்வாய்வில் 58 பேரே பங்கேற்றனர். நான்காம் மாதத்தில் நினைவுகூரும் திறன் சரிவதற்கான நிகழ்தகவு, முழுமூளைக் கதிர்வீச்சும் பெற்றோருக்கு 52 விழுக்காடு, கதிர் அறுவை மட்டும் பெற்றோருக்கு 24 விழுக்காடு. வேறுபாடு தெளிவானதால் ஆய்வு முன்னதாகவே நிறுத்தப்பட்டது.

குறைந்த எண்ணிக்கை, இரு குழுக்களின் வாழ்நாளில் தோன்றிய எதிர்பாராத வேறுபாடு ஆகியவற்றால் இவ்வாய்வு கடுமையாகத் திறனாயப்பட்டது. அது நியாயமே. ஆயினும் இதன் பின் வந்த பேராய்வுகள் வாழ்நாளை முதல் அளவாகக் கொள்ளாமல் அறிவாற்றலையே முதல் அளவாகக் கொள்ளத் தலைப்பட்டன. 2011-இல் 359 பேரைக் கொண்ட ஐரோப்பிய ஆய்வு, முழுமூளைக் கதிர்வீச்சு மூளைநோயால் நேரும் இறப்பை 44 விழுக்காட்டிலிருந்து 28 விழுக்காடாகக் குறைத்தும் மொத்த வாழ்நாளைக் கூட்டவில்லை எனக் காட்டியது. 2014-இல் அமெரிக்கக் கதிர்ப் புற்றுநோயியல் சங்கம், சில கட்டிகளே உடையோருக்குக் கதிர் அறுவையோடு முழுமூளைக் கதிர்வீச்சை வழக்கமாகச் சேர்க்க வேண்டாம் என அறிவுறுத்தியது. 2016-இல் பிரவுன் தலைமையிலான 213 பேரின் ஆய்வு வெளிவந்தது. மூன்றாம் மாதத்தில் அறிவாற்றல் சரிந்தோர் கதிர் அறுவை மட்டும் பெற்ற குழுவில் 63.5 விழுக்காடு, முழுமூளைக் கதிர்வீச்சும் பெற்ற குழுவில் 91.7 விழுக்காடு. முதல் எண்ணும் சிறியதன்று. நோயும் பிற மருத்துவமும் தம் பங்குக்கு எடுத்துக்கொள்வதைக் கதிர் அறுவை தடுப்பதில்லை. தான் எடுத்துக்கொள்வதைக் குறைத்துக்கொள்கிறது, அவ்வளவே. கட்டியை அகற்றிய குழிக்குக் கொடுக்கும் கதிர்வீச்சிலும் இதே போக்கினை 2017-இல் 194 பேரின் ஆய்வு உறுதிசெய்தது.

எண்ணிக்கையும் கனஅளவும்

மூன்று அல்லது நான்கு கட்டிகள் என்ற வரம்பு இவ்வாய்வுகளில் தொடர்ந்து வருகிறது. இதற்கு உயிரியல் அடிப்படை இருப்பதாகத் தோன்றவில்லை. ஒரு நாளில் ஒரு கருவியால் முடிக்கத்தக்க வேலையின் அளவே வரம்பாகப் படிந்துவிட்டது எனக் கருத இடமுண்டு. ஜப்பானின் யமமோட்டோ, 23 மையங்களில் கதிர் அறுவை மட்டும் பெற்ற 1,194 பேரைப் பின்தொடர்ந்து 2014-இல் முடிவை வெளியிட்டார். இரண்டு முதல் நான்கு கட்டிகள் உடையோரின் வாழ்நாள் இடைநிலை 10.8 மாதம், ஐந்து முதல் பத்து வரை உடையோருக்கும் 10.8 மாதமே. இது சமவாய்ப்பு ஆய்வன்று. கட்டிகளின் மொத்தக் கனஅளவு 15 மில்லிலிட்டருக்கு உட்பட்டோரே சேர்க்கப்பட்டனர். எண்ணிக்கையினும் கனஅளவே கருதத்தக்கது என்ற எண்ணம் இதனால் வலுப்பெற்றது.

முழுமூளைக் கதிர்வீச்சும் தன்னைத் திருத்திக்கொண்டது என்பதைச் சொல்லாமல் விடலாகாது. நினைவுக்கு இன்றியமையாத ஹிப்போகேம்பஸ் பகுதியை விலக்கிக் கதிர் செலுத்தும் முறையும், மெமண்டைன் மருந்தும் சேர்ந்து ஊற்றைக் குறைக்கும் என்பதை 518 பேரைக் கொண்ட ஆய்வு 2020-இல் காட்டியது. மறுபுறம், அறுவைக்கோ கதிர் அறுவைக்கோ உரியரல்லாத நுரையீரல் புற்றுநோயாளிகள் 538 பேரைக் கொண்டு பிரிட்டனிலும் ஆஸ்திரேலியாவிலும் நடந்து 2016-இல் வெளியான ஆய்வு, முழுமூளைக் கதிர்வீச்சுப் பெற்றோர் 9.2 வாரமும், ஆதரவு மருத்துவம் மட்டும் பெற்றோர் 8.5 வாரமும் வாழ்ந்ததைக் கண்டது. 1954 முதல் ஐயமின்றிக் கொடுக்கப்பட்ட ஒரு மருத்துவத்தை ஏதும் கொடாமையோடு பெரிய அளவில் ஒப்பிட்டுப் பார்க்க அறுபது ஆண்டுகள் தேவைப்பட்டன.

மீண்டும் எழும் வினா

கதிர் அறுவைக்கும் விலையுண்டு. குறிவைத்த இடத்தில் கட்டியோடு அருகிலுள்ள திசுவும் மாண்டு வீங்குவது கதிர் நசிவு எனப்படும். மாதங்கள், சில வேளைகளில் ஆண்டுகள் கழித்து அது தோன்றும். படிமத்தில் மீண்டும் வளரும் கட்டியைப் போலவே தெரிவதால் இரண்டையும் பிரித்தறிவது கடினம். கட்டி பெரிதாகப் பெரிதாக இவ்வபாயம் கூடும். இதனால்தான் 2000-இல் வெளியான அளவறி ஆய்வு, 2 சென்டிமீட்டர் வரையுள்ள கட்டிக்கு 24 கிரே, 3 வரை 18, 4 வரை 15 என இறங்குமுகமாக உச்ச அளவை வகுத்தது.

நுரையீரல் புற்றின் குறிப்பிட்ட மரபணு மாற்றங்களைத் தாக்கும் மாத்திரைகள் இப்போது மூளையினுள்ளும் கட்டிகளைச் சுருக்குகின்றன. அவற்றை முதலில் கொடுத்துக் கதிர் அறுவையைத் தள்ளிப்போடலாமா என்பது இன்றைய வழக்கு. 2017-இல் 351 நோயாளிகளின் பழைய பதிவுகளை ஆராய்ந்த ஓர் அமெரிக்கக் குழுவினர், கதிர் அறுவையை முதலில் பெற்றுப் பின் மாத்திரை உண்டோரின் வாழ்நாள் இடைநிலை 46 மாதம் என்றும், மாத்திரையை முதலில் உண்டோருக்கு 25 மாதம் என்றும் கண்டனர். அதற்குப் பின் வந்த மாத்திரைகள் மூளைக்குள் இன்னும் எளிதாக நுழைவன. ஆதலின் அக்கணக்கு அப்படியே நிற்கும் என்பதற்கில்லை. 46 மாதம் என்பது 1970-களின் நான்கு மாதத்தைப் போலப் பதினொரு மடங்குக்கு மேல். அத்துணைக் காலம் வாழ்வோரிடம், பலமுறை குறிவைக்கப்பட்ட மூளையில், பன்னிரண்டு சொற்களுள் எத்தனை எஞ்சும் என்பதை இனிவரும் ஆய்வுகள்தாம் அளக்க வேண்டும்.